மீட்டர் ஓடலை, மாப்ளே!

பி.காம். படித்தவனுக்கு ஒரு சாபம் உண்டு. சொந்தத்தில் யார் வீட்டுக் கணக்கு இடித்தாலும் முதல் போன் அவனுக்குத்தான் வரும். மொய் நோட்டு, ஏலச்சீட்டு, பாகப்பிரிவினை, கோயில் திருவிழா வசூல் எல்லாம் நம் தலையில். டாக்டருக்குப் படித்தவனாவது 'எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம்' என்று நழுவலாம். நமக்கு அந்த வசதியும் கிடையாது.

என் தாய்மாமா தருமபுரியிலிருந்து பேசினார். "மாப்ளே, ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போ. லாரி கணக்குல ஒரு திருட்டு இருக்கு."

"போலீசுக்குப் போக வேண்டியதுதானே மாமா?"

"போலீசுக்கு டெபிட், கிரெடிட் தெரியுமாடா?"

மாமாவிடம் ஒரே ஒரு லாரி. ஆறு சக்கரம். வயசு பதினேழு. அதாவது லைசென்ஸ் எடுக்க இன்னும் ஒரு வருஷம் பாக்கி. புளி சீசனில் புளி மூட்டை, மற்ற நாளில் தக்காளி, கிடைத்தால் மாங்காய். எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லப்போவதில்லை. பதினேழு வயசில் எந்தக் கம்பெனி வண்டிக்கும் வரவேண்டியது வந்தே தீரும்.

வண்டியை ஓட்டுபவர் மாமாவிடம் பதிமூன்று வருஷமாக இருக்கிறார். எனக்கு அவர் 'டிரைவரண்ணா'. காலேஜ் லீவில் என்னை என்ஜின் பானெட் மேல் உட்கார வைத்து மதுரை வரைக்கும் கூட்டிப்போனவர். வழியில் வாங்கிக்கொடுத்த புரோட்டாவுக்கு இன்றுவரை என் கணக்கில் என்ட்ரி இல்லை.

அவர் மேல்தான் வழக்கு.

மாமா ஒரு டயரியை விரித்தார். நாலு மாசத்துக்கு முன்புவரை லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்த வண்டி. அதற்குப் பிறகு நாலு மாசத்தில் மீட்டர் ஓடியது 23,127 கிலோமீட்டர். டீசல் போட்டது 6,005 லிட்டர். வகுத்தால் 3.85. நாலு கொடுத்திருந்தால் 5,782 லிட்டர் போதும். ஆக 223 லிட்டர் காணோம். டீசல் லிட்டர் தொண்ணூறு ரூபாயைத் தாண்டி விற்கிற காலத்தில் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல்.

"இது மொத குத்தம். ரெண்டாவதைக் கேளு" என்றார் மாமா. "மூணு வாரமா மீட்டர் ஓடலை. முள்ளு அப்படியே பூஜ்யத்துல படுத்திருக்கு. மொதல்ல டீசல் போச்சு. நான் கேக்க ஆரம்பிச்சேன். உடனே மீட்டர் போச்சு. சேத்துப் பாரு."

சேர்த்துப் பார்த்தால் நன்றாகத்தான் சேர்ந்தது. அதுதான் பயமாக இருந்தது. லாரித் தொழிலில் இது பழைய வித்தை. மீட்டருக்குப் பின்னாலிருக்கிற திருகைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் போதும், வண்டி காசிக்குப் போய்வந்தாலும் கிலோமீட்டர் ஏறாது. டயரியில் எழுத எண் இல்லை. எண் இல்லாத இடத்தில் பி.காமுக்கு வேலை இல்லை.

"எப்.சி. வேற வருது மாப்ளே. ஸ்பீடாமீட்டர் ஓடாம வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த முடியாது. நாளைக்கு மேஸ்திரிகிட்ட விடறேன். அவன் பிரிக்கும்போது நீ கூடவே நில்லு. கேபிளை வெட்டியிருந்தா அன்னிக்கே கணக்கை முடிச்சு அனுப்பிடறேன்."

மாமா சொன்னது உண்மைதான். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல் 117-ம் விதி, ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வேகமானி இருக்கவேண்டும் என்கிறது. எட்டு வயசைத் தாண்டிய லாரி வருஷா வருஷம் எப்.சி. எடுக்கவேண்டும். ஆனால் மாமாவின் கவலை 117-ம் விதி அல்ல. பதிமூன்று வருஷம் கூட இருந்தவன் ஏமாற்றிவிட்டானே என்பது. கோபமாக இருப்பதைவிட அவர் சோகமாக இருந்தார். மத்தியானம் ரசத்துக்கு உப்பு இல்லை என்பதைக்கூடச் சொல்லாமல் சாப்பிட்டார்.

மறுநாள் காலை அதியமான்கோட்டைப் பக்கம் ஒரு பட்டறை. இந்த ஊருக்கும் பட்டறைக்கும் சம்பந்தம் சங்க காலத்திலிருந்தே இருக்கிறது. தொண்டைமானிடம் தூது போன அவ்வையாருக்கு அவன் தன் ஆயுதசாலையைக் காட்டினானாம். எல்லாம் நெய் பூசி, மாலை போட்டு, பளபளவென்று. அவ்வை பாராட்டுகிற மாதிரி பாராட்டிவிட்டு, எங்கள் அதியமானுடைய வேலெல்லாம் முனை மழுங்கி, நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்றாராம். உழைத்த சாமான் பட்டறையில்தான் இருக்கும் என்று அர்த்தம். மாமாவின் லாரி வருஷத்தில் பாதி நாள் பட்டறையில் நிற்பதற்கு இதைவிடக் கௌரவமான காரணம் எனக்குத் தோன்றவில்லை. மாமாவிடம் சொன்னேன். "அதியமானுக்கு டியூ கட்ட வேண்டியதில்லையே" என்றார்.

மேஸ்திரி பீடியை அணைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "முள்ளு மட்டும் ஓடலையா, கிலோமீட்டர் நம்பரும் ஓடலையா?"

"ரெண்டும்தான்" என்றார் டிரைவரண்ணா.

"அப்போ மீட்டர் மேல பழி இல்லை. கேபிள், இல்லேன்னா கியர்பாக்ஸ்ல இருக்கிற பல்லு."

எனக்குப் புரியவில்லை. மேஸ்திரிக்குச் சீடப்பிள்ளை கிடைத்த சந்தோஷம். விளக்கினார். அதில் பாதியும் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்ட பாதியும் இது:

பழைய வண்டியில் ஸ்பீடாமீட்டருக்கும் கரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது (உள்ளே எரிகிற பல்பைத் தவிர). கியர்பாக்ஸின் பின்பக்கம் ஒரு சின்னப் பல்சக்கரம். அதிலிருந்து குழாய்க்குள் ஓடுகிற முறுக்குக் கம்பி, அதாவது மீட்டர் கேபிள். சக்கரம் சுற்றினால் கம்பி சுற்றும். கம்பியின் மறுமுனை மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுற்றவைக்கும். காந்தத்தை மூடினாற்போல் ஒரு அலுமினியக் கிண்ணம். முள் அந்தக் கிண்ணத்தோடு ஒட்டியது.

இங்கேதான் விஷயம். காந்தம் கிண்ணத்தைத் தொடாது. அலுமினியம் காந்தத்தில் ஒட்டுகிற உலோகமும் இல்லை. இருந்தாலும் காந்தம் சுற்றும்போது கிண்ணத்துக்குள் சுழல் மின்னோட்டம் பிறந்து, அதையும் கூடவே இழுக்கும். மேனேஜர் யாரையும் தொடுவதில்லை, சும்மா நடந்து போகிறார். ஆனாலும் ஆபீஸே அந்தப் பக்கம் திரும்புகிறது அல்லவா, அது மாதிரி. கிண்ணம் ஒரேயடியாகச் சுற்றிவிடாமல் முடி மாதிரி ஒரு ஸ்பிரிங் பிடித்து இழுக்கும். இழுப்பும் பிடிப்பும் சமமாகிற இடத்தில் முள் நிற்கும். அதுதான் வேகம். இந்த யோசனைக்கு 1902-ல் ஜெர்மனியில் காப்புரிமை வாங்கியவர் ஓட்டோ ஷூல்ட்ஸே. நூற்றாண்டு தாண்டியும் தருமபுரியில் புளி ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

கிலோமீட்டர் எண்கள் ஓடுவதற்குக் காந்தமெல்லாம் வேண்டாம். அதே கம்பியின் சுழற்சி, பல்சக்கரம் வழியாக நேராக எண்ணைத் தள்ளும். ஆகவே எண் ஓடி முள் மட்டும் படுத்தால் நோய் மீட்டருக்குள். இரண்டும் படுத்தால் நோய் கீழே. முள் காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கினால், கேபிள் காய்ந்திருக்கிறது அல்லது எங்கோ மடங்கியிருக்கிறது. டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதைவிடத் தெளிவான வைத்தியம்.

மேஸ்திரி டாஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். கேபிளின் திருகு கையில் அகப்பட்டதும் மாமா என்னைப் பார்த்தார். 'தளர்ந்திருக்கிறதா கேள்' என்று அர்த்தம்.

"டைட்டாத்தாங்க இருக்கு. பிளையர் போட்டாத்தான் வரும்."

மாமாவின் முதல் சாட்சி அவுட்.

கேபிளின் மேல்முனையை வெளியே எடுத்துத் தொங்கவிட்டு, கிளீனர் பையனைப் பார்க்கச் சொல்லிவிட்டு, வண்டியைப் பட்டறைக்குள்ளேயே நாலடி நகர்த்தினார்கள். முனை சுற்றினால் கேபிள் நல்லது.

"சுத்தலைண்ணா!"

அடுத்தது மீட்டர். ஒரு பழைய கம்பித் துண்டை மீட்டரின் ஓட்டையில் சொருகி, இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து மத்து கடைகிற மாதிரி உருட்டினார் மேஸ்திரி. மூன்று வாரமாகப் படுத்திருந்த முள் துள்ளி எழுந்து இருபதைத் தொட்டுவிட்டு விழுந்தது. ஓட்டோ ஷூல்ட்ஸே உயிரோடுதான் இருந்தார்.

பிறகு வண்டிக்கு அடியில் போய், கியர்பாக்ஸ் முனையைக் கழற்றினார். பல்சக்கரத்தை விரலால் தடவிப் பார்த்தார். பல் எல்லாம் இருந்தது. கம்பியை மெதுவாக இழுத்தார். ஒன்றரை அடி வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. மிச்சம் மேலே இருந்தது.

"ரெண்டா போச்சு" என்றார்.

மாமா குனிந்தார். டிரைவரண்ணா குனியவில்லை. தள்ளி நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே மடித்திருந்த துண்டு.

"வெட்டா, முறிவா?" மாமாவின் குரல் கம்மியது.

மேஸ்திரி அந்த முனையைச் சட்டையில் துடைத்து என் கையில் கொடுத்தார். "நீங்களே பாருங்க தம்பி. கட்டிங் பிளையர்ல வெட்டினா முனை சப்பையா, பளிச்சுன்னு இருக்கும். இது பாருங்க."

முனை துடைப்பம் மாதிரி பிரிந்திருந்தது. ஒவ்வொரு இழையும் ஒவ்வொரு நீளம். பாதி இழைகளின் நுனியில் துரு. அதாவது ஒரே நாளில் போகவில்லை, ஒவ்வொன்றாக வெகுநாளாக அறுந்திருக்கிறது. குழாயைத் தடவிக்கொண்டே போனதில் காரணமும் கிடைத்தது. குழாயைப் பிடித்திருந்த கிளிப் ஒன்று விழுந்து, குழாய் சைலன்சர் பக்கம் சாய்ந்து, அங்கே முழங்கை மாதிரி மடங்கியிருந்தது. சூட்டில் உள்ளே கிரீஸ் கரியாகியிருந்தது. காய்ந்த கம்பி, மடங்கின இடத்தில் தினம் லட்சம் முறை சுற்றினால் அறாமல் என்ன செய்யும்?

மாமா ஒன்றும் பேசவில்லை. ஒரு டீ சொன்னார். அப்புறம், "நாலு டீயாச் சொல்லு" என்று திருத்தினார்.

புதுக் கேபிள் வாங்கிவந்தாயிற்று. மேஸ்திரி கம்பிக்கு கிரீஸ் தடவியதில் ஒரு நுணுக்கம் பார்த்தேன். மீட்டர் பக்கம் நாலு விரற்கடைக்குத் தடவவில்லை. அங்கேயும் தடவினால் கிரீஸ் சுற்றிச் சுற்றி மேலேறி மீட்டருக்குள் போய், கிண்ணத்தையும் காந்தத்தையும் ஒட்டவைத்துவிடுமாம். அப்புறம் முள் எண்பதிலேயே உட்கார்ந்துகொள்ளும், வண்டி நின்றாலும். கேபிள் குழாயைச் சைலன்சரிலிருந்து விலக்கி, பெரிய வளைவாக விட்டு, புது கிளிப் போட்டார்.

கேபிள் வழக்கு தள்ளுபடி. ஆனால் 223 லிட்டர் அப்படியேதான் இருந்தது. மாமா அதை வாயால் சொல்லவில்லை. டயரியை மட்டும் மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். கணக்கில் வித்தியாசம் வந்து காரணம் தெரியாவிட்டால் அனாமத்துக் கணக்கில் போடச் சொல்லி எங்கள் காலேஜில் கற்றுக்கொடுத்தார்கள். மாமா அதை ஒரு மனுஷன் பேரில் போட்டிருந்தார்.

நான் டீ கிளாஸோடு வண்டியைச் சுற்றிவந்தேன். யோசிப்பதற்காக அல்ல, சிறுநீர் கழிக்க இடம் தேடி. அப்போதுதான் ஸ்டெப்னி கண்ணில் பட்டது. பக்கத்தில் ஓடுகிற டயரைவிட அது ஒரு சுற்று இளைத்த மாதிரி இருந்தது. எழுத்தைப் படித்தேன். ஸ்டெப்னியில் 9.00-20. ஓடுகிற டயரில் 10.00-20.

"மாமா, டயர் எப்ப மாத்தினீங்க?"

"அஞ்சு மாசம் இருக்கும். சேலத்துல ஒரு வண்டியை உடைச்சாங்க. ஆறும் ரிம்மோட சல்லிசா வந்துச்சு. ஸ்டெப்னி மட்டும் பழசு. ஏன்?"

மேஸ்திரி சொன்னார், "இந்த வண்டிக்கு ரெண்டு சைசும் வரும். ஒண்ணும் தப்பில்லைங்க."

தப்பில்லைதான். ஆனால் மீட்டருக்குக் கிலோமீட்டரே தெரியாது. கம்பி எத்தனை சுற்று சுற்றியது என்பதுதான் தெரியும். அதாவது சக்கரம் எத்தனை சுற்று என்று. சக்கரம் பெரிசானால் ஒரு சுற்றுக்கு வண்டி அதிக தூரம் போகும். மீட்டர் பழைய கணக்கையே எழுதும். முதல் அளவையே தப்பான தலைப்பில் எழுதிவிட்டு, கடைசிப் பக்கத்தில் தப்பைத் தேடிக்கொண்டிருந்தோம்.

சணல் கயிறும் டேப்பும் கேட்டேன். ஸ்டெப்னியைச் சுற்றிக் கயிறு போட்டு அளந்தால் 318 சென்டிமீட்டர். ஜாக்கி வைத்துத் தூக்கிய பின்சக்கரத்தில் 330. மாமாவின் டயரியிலேயே எழுதினேன். 23,127-ஐ 330-ஆல் பெருக்கி 318-ஆல் வகுக்க, 24,000. நாலால் வகுக்க, 6,000 லிட்டர்.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி அவரே போட்டுப் பார்த்தார். அதே 6,000.

"டேப்புல கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும் மாமா" என்றேன், ஆடிட் ஜாக்கிரதையோடு.

"ரோட்டுல பாத்துடலாம்" என்றார் டிரைவரண்ணா. அன்றைக்கு அவர் தானாகப் பேசிய முதல் வார்த்தை.

மூவரும் ஏறினோம். சேலம் ரோட்டில் ஒரு கிலோமீட்டர் கல்லில் எண்ணைக் குறித்துக்கொண்டு கிளம்பினோம். நான் கல்லை எண்ணினேன், மாமா மீட்டரைப் பார்த்தார். பத்தாவது கல்லில் மீட்டர் காட்டியது 9.6. மாமா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, டோலுக்கு முன்னாடியே திருப்பிடு, எதுக்கு வீணா" என்றார். குரலைச் சாதாரணமாக வைக்கப் பார்த்தார்.

"மொதலாளி, டோலை நான் குடுத்துடறேன். கணவாய் ஒரு தடவை எறங்கிட்டு வந்துடலாம்."

பாளையம் டோலைத் தாண்டி, தொப்பூர் கணவாய். பெங்களூர் பக்கத்திலிருந்து சேலத்துக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், அந்த இறக்கம். 2020 டிசம்பரில் கட்டுப்பாடு இழந்த ஒரு லாரி அங்கே வரிசையாக நின்ற பத்துக்கு மேற்பட்ட வண்டிகளில் மோதியது. 2024 ஜனவரியில் லாரிகளுக்கு நடுவே சிக்கின கார் தீப்பிடித்தது. இரண்டிலும் உயிர்கள் போயின. 'நியூட்ரலில் இறக்காதீர்' என்று போர்டுகள் இருக்கின்றன. நியூட்ரலில் போட்டால் என்ஜின் வண்டியைப் பிடிக்காது. மொத்த எடையும் பிரேக்கின் தலையில். இறக்கம் நீள நீள டிரம் காய்ந்து, ஒரு கட்டத்தில் பெடலை மிதித்தாலும் வண்டி கேட்காது. தெரிந்தே போடுகிறார்கள். ஒரு இறக்கத்துக்குக் கொஞ்சம் டீசல் மிச்சமாகுமே!

டிரைவரண்ணா உச்சியிலேயே கீழ் கியருக்கு வந்தார். என்ஜின் உறுமியது. முள் முப்பதுக்குக் கீழே ஆடாமல் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார்.

"மொதலாளி, ஒண்ணு சொல்லிடறேன். போன மாசம் புளி லோடோட போறப்போ இங்க நியூட்ரல்ல உட்டேன்."

மாமா திரும்பினார்.

"பதிமூணு வருசத்துல போட்டதில்லை. நீங்க தினம் லிட்டருக்கு எவ்ளோ எவ்ளோன்னு கேட்டுட்டே இருந்தீங்க. எனக்கும் எங்க போவுதுன்னு தெரியலை. இப்பிடியாவது கணக்கு நேராவட்டும்னு உட்டுட்டேன். மீட்டரும் ஓடலை. என்ன ஸ்பீடுன்னே தெரியலை. ரெண்டாவது வளைவுல பிரேக்கு புடிக்கிற மாதிரியே இல்லை. காத்து மீட்டர் வேற எறங்குது. எப்படியோ கியருக்குள்ள தள்ளி, கீழ வந்து ஓரங்கட்டினேன். அரை மணி நேரம் கை நடுங்கிச்சு. பையன்கிட்டகூடச் சொல்லலை."

கணவாய் முடிகிறவரை யாரும் பேசவில்லை. கீழே டீக்கடையில் வண்டி நின்றதும் மாமா இறங்கினார். டயரியை எடுத்தார். மைலேஜ் எழுதியிருந்த நாலு மாசப் பக்கத்தை நாலாகக் கிழித்து, காற்றில் பறக்காமல் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். "கேட்டிருக்கலாம் இல்லடா உன்னை" என்றார் டிரைவரண்ணாவிடம். அவ்வளவுதான். மாமா மன்னிப்புக் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதுவும் பாதி தடவை.

திரும்பி வரும்போது பேச்சு சகஜமாகிவிட்டது. மீட்டரை மாற்ற வேண்டாம், இனிமேல் நூறு காட்டினால் நூற்று மூன்றே முக்கால் என்று எழுதுவது என முடிவானது. வேகத்துக்கும் அதே கணக்குதான், அறுபது காட்டினால் அறுபத்திரண்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். எனக்குக் கொஞ்சம் தலைகனம் ஏறியிருந்தது.

"அப்போ டேலி ஆயிடுச்சு, இல்லை தம்பி?" என்று கேட்டார் டிரைவரண்ணா.

"ஆச்சுண்ணா. 6,005-ல 6,000 வந்துடுச்சு. அஞ்சு லிட்டர் எல்லாம் கணக்கே இல்லை. கயிறு போட்டு அளந்ததுல ஐம்பது லிட்டரே முன்ன பின்ன வரும்."

அவர் கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்தார்.

"இல்லைங்க தம்பி. அந்த அஞ்சு லிட்டர் எனக்குத் தெரியும். நல்லம்பள்ளி தாண்டி ராத்திரியில ஒரு தக்காளி வண்டி டீசல் இல்லாம நின்னுச்சு. கேன்ல புடிச்சுக் குடுத்தேன். காசு வாங்கலை."

மாமா டயரியில் புதுப் பக்கம் திருப்பினார். "எழுதிக்க மாப்ளே" என்று என்னிடம் நீட்டினார்.

எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.